பழைய தையல் மெஷின் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மூன்று தையல் மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று தினமும் ஓடுகிறது. இன்னொன்று தீபாவளி, பொங்கல் சமயத்தில் வேலை குவியும்போது ஓடுகிறது. மூன்றாவது ஓடவே ஓடாது. அதன்மேல் மணிபிளான்ட் தொட்டி இருக்கிறது. அந்த மூன்றாவதை நான் வாங்கிய கதை தெரிந்தவர்கள், தாங்கள் ஒன்று வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடமாக அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். என்னிடம் அதிகம் கேட்கப்பட்டவற்றை, சொன்ன பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: வாங்கலாமா, வேண்டாமா?

அதன் பாபினும் (கீழ்நூல் சுற்றி வைக்கும் சின்ன உருளை) ஊசியும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமானால், உங்கள் கண்முன்னே துணியில் ஒழுங்காகத் தைத்துக் காட்டினால், வாங்கலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

பழைய மெஷின் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கறுப்பு வண்ணமும் தங்க நிறப் பூவேலையும் கொண்ட, வார்ப்பிரும்பில் செய்த மெஷின். மேலே இருப்பதைத் தலை என்பார்கள். கீழே இரும்பு ஸ்டாண்டும் மிதியும் இருந்தால் கால் மெஷின், மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து பக்கத்தில் கைப்பிடி இருந்தால் கை மெஷின். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த சிங்கர், கல்கத்தா ஜெய் இன்ஜினியரிங் வொர்க்ஸ் தயாரித்த உஷா, சிங்கர் நிறுவனத்தாரே இந்தியாவில் விற்கும் மெரிட், லூதியானாவில் செய்த பல சிறு பெயர்கள். எப்போதாவது ஜெர்மனியின் ஃபாஃப் கண்ணில் படும். வெள்ளை பிளாஸ்டிக் உடல் கொண்ட மின்சார மெஷின்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவற்றைப் பழையதாக வாங்குவதற்குப் பதில் புதியதாகவே வாங்கிவிடலாம். பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்தால் மாற்றுவது பெரும் தொல்லை.

நான் இப்போதுதான் தையல் கற்கிறேன். எனக்குப் பழையது சரிவருமா?

ஓடும் நிலையில் இருப்பது கிடைத்தால் இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கால் மெஷின் உங்கள் கால் வேகத்துக்கு மேல் ஓடாது. எந்த நூல் எங்கே போகிறது, எது எதை இழுக்கிறது என்பதெல்லாம் வெளிப்படையாகத் தெரியும். ஆனால் பழுதாக இருப்பதை வாங்கி, அதைச் சரிசெய்துகொண்டே தையலும் கற்கலாம் என்று நினைக்காதீர்கள். தையல் விழவில்லை என்றால் தவறு உங்களுடையதா, மெஷினுடையதா என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டே வாரத்தில் இரண்டின் மேலும் வெறுப்பு வந்துவிடும்.

எங்களுக்கு வந்திருப்பது நூறு வருடத்துச் சிங்கர். அபூர்வமானது, விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார் விற்பவர். உண்மையா?

வயது உண்மையாக இருக்கலாம். அபூர்வம் என்பதுதான் பொய். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிளைடுபேங்க் என்ற ஊரில், கில்போவி என்ற இடத்தில் சிங்கருக்குப் பிரம்மாண்டமான தொழிற்சாலை இருந்தது. 1880களில் கட்டியது, 1980இல் மூடினார்கள். அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சிங்கர்' என்றுதான் பெயர். முதல் உலகப்போருக்கு முன்பே அங்கிருந்து ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேல் மெஷின்கள் வெளியே போயிருக்கின்றன. அதுமட்டுமல்ல, தவணையில் பணம் கட்டி வாங்கும் முறையை 1850களிலேயே தொடங்கிய நிறுவனம் அது. அதனால்தான் பணக்காரர் வீடு, டெய்லர் கடை, கிராமத்து ஓட்டு வீடு என்று எங்கும் போய்ச் சேர்ந்தது. லட்சக்கணக்கில் செய்த பொருள், எளிதில் உடையாத பொருள், யாரும் தூக்கி எறியாத பொருள். அது எப்படி அபூர்வமாகும்?

சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுக்கும் சில வகைகள் உண்டு. அவை உங்கள் தெருவில் விற்பனைக்கு வரும் வாய்ப்பு குறைவு. நூறு வருடத்து மெஷினுக்கு நான் கொடுக்கும் விலை, அதே நிலையில் இருக்கும் நாற்பது வருடத்து உஷாவுக்குக் கொடுக்கும் விலைதான். சில சமயம் அதைவிடக் குறைவு.

எந்த ஆண்டு செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிங்கராக இருந்தால், கைச்சக்கரத்தின் பக்கம், அடித்தட்டின் வலது ஓரத்தில் ஒரு எண் இரும்பிலேயே அடித்திருக்கும். 1900க்கு முந்தையவற்றில் வெறும் எண் மட்டும் இருக்கும். அதன் பிறகு வந்தவற்றில் முன்னால் ஒன்றோ இரண்டோ ஆங்கில எழுத்து. எந்த எழுத்து, எந்த எண்வரிசை, எந்த ஆண்டு என்ற பட்டியல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. வகை எண்ணோடு 'கே' என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக 15கே என்றிருந்தால், அது கில்போவியில் பிறந்தது.

ஆண்டைத் தெரிந்துகொள்வது சந்தோஷம்தான். அதைவிட எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் வீணாவதும் தப்புவதும் அதில்தான் இருக்கிறது.

வகை என்றால்? எல்லாம் ஒரே கறுப்பு மெஷின்தானே?

இங்கேதான் என் மணிபிளான்ட் மெஷின் கதை வருகிறது.

காரைக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பழம்பொருள் கடை ஒன்றில் அதைப் பார்த்தேன். சிறகு விரித்த ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட எகிப்திய உருவம்) படம் தங்க நிறத்தில் மின்னியது. சக்கரம் வெண்ணெய் போலச் சுற்றியது. ஊசி ஏறி இறங்கியது. பேரம் பேசி, வண்டி வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, கீழே இருந்த தட்டை நகர்த்திப் பார்த்தால் ஷட்டில், அதாவது கீழ்நூலை மேல்நூலோடு பின்னும் பாகம், இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. போன் செய்தேன். "அதெல்லாம் எங்கேயும் கிடைக்கும் அம்மா" என்றார் விற்றவர். தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று நான் தேடிய எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

கீழ்நூல் வைக்கும் முறை எல்லா மெஷினிலும் ஒன்றல்ல. சிங்கரின் 27, 28, 127, 128 வகைகளில் துப்பாக்கித் தோட்டா போன்ற ஒரு ஷட்டில் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அதற்குள் நீளமான, ஒல்லியான பாபின் போகும். அழகான இயக்கம், நல்ல தையலும் விழும். ஆனால் அந்த ஷட்டிலும் அந்த நீளப் பாபினும் நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பவை அல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், மெஷினை வாங்கிய விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இன்னும் பழைய 12 வகையில் ஊசியே வேறு. அதை வாங்கினால் ஊசி தேடுவதே உங்கள் முழுநேர வேலையாகிவிடும்.

மாறாக சிங்கர் 15 என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது முனையில், அடித்தட்டுக்குக் கீழே, வட்டமான பாபின் கேஸுக்குள் பாபின் செங்குத்தாக நிற்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் இந்த அமைப்பை அப்படியே எடுத்துச் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். நம் ஊர்க் கறுப்பு மெஷின்களும் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே. அதனால் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், டென்ஷன் ஸ்பிரிங் எல்லாம் தையல் சாமான் விற்கும் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊசியும் அப்படித்தான்: தலையின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் சாதாரண வீட்டு ஊசி, உறையில் 15×1 என்றோ 130/705 என்றோ அச்சிட்டிருப்பார்கள்.

சிங்கர் 66, அதன் தம்பியான 99 ஆகியவற்றில் பாபினை மேலிருந்து படுக்கையாகப் போட வேண்டும். தையல் சுத்தமாக விழும். 99 அளவிலும் சிறியது. ஆனால் அந்தப் பாபின் 15 வகைப் பாபின் அல்ல. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கிறது என்று மாற்றிப் போட்டால் மக்கர் செய்யும். உரிய பாபின் நாலைந்தாவது கூடவே கொடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பார்க்கப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

விற்பவர் வீட்டில் நூலும் இருக்காது, ஊசியும் முறிந்திருக்கும். "மற்றபடி நன்றாக ஓடும்" என்பார்கள். அந்தச் சாக்குக்கே இடம் கொடுக்கக் கூடாது. ஒரு பை போதும்: புதிய 14ஆம் எண் ஊசி இரண்டு, வெவ்வேறு நிறத்தில் நூல்கண்டு இரண்டு, 15 வகைப் பாபின் இரண்டு, காடாத் துணியில் கைக்குட்டை அளவுத் துண்டுகள், ஒரு ஜீன்ஸ் துண்டு, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று, சின்னத் திருப்புளி, டார்ச். மெஷின் எண்ணெய்ப் புட்டியும் இருந்தால் நல்லது.

போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

கைச்சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்றில் எங்காவது ஓரிடத்தில் மட்டும் கட்டிப்பிடிக்கிறதா? சுற்று முழுக்க ஒரே கனமாக இருந்தால் எண்ணெய் இல்லை என்று பொருள். அது பெரிய விஷயமில்லை. ஓரிடத்தில் மட்டும் 'டக்' என்று தடுத்தால் ஷட்டில் பகுதியில் நூல் சிக்கியிருக்கலாம், அல்லது ஏதோ வளைந்திருக்கலாம். தட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு ஊசியை மேலே ஏற்றி நிறுத்தி, ஊசித் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கலாம். கையில் 'கடகட' என்று தட்டுப்பட்டால் உள்ளே தேய்ந்துவிட்டது. கைச்சக்கரத்தையும் மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள், அதே கணக்குதான்.

துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கும் பல்லை விரல் நுனியால் தடவுங்கள். கூர்மை தெரிய வேண்டும். டெய்லர் கடையில் இருபது வருடம் ஓடிய மெஷினில் அந்தப் பல் ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி மழுங்கியிருக்கும். 15 வகையில் அதை மாற்றலாம், வேறு வகைகளில் கஷ்டம்.

இப்போது நோட்டுத் தாள். நூல் கோக்காமல், தாளின் கோட்டின்மேல் ஓட்டுங்கள். தாளைப் பிடித்து இழுக்காதீர்கள், அதுவே போகட்டும். துளைகள் ஒரே இடைவெளியில் விழுந்தால் பல் துணியைச் சீராகத் தள்ளுகிறது. கோட்டைவிட்டு ஒரு பக்கமாகவே விலகிக்கொண்டு போனால் பாதமோ பல்லோ சரியில்லை. இந்தச் சோதனையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன். அவர் மெஷினைத் தொடுவதற்கு முன்பே தாளைத்தான் கேட்பார்.

கடைசியாக உண்மையான தையல். மேலே ஒரு நிற நூல், பாபினில் இன்னொரு நிறம். துணியை இரண்டாக மடித்து ஒரு சாண் தையுங்கள். இரண்டு நூலும் சந்திக்கும் முடிச்சு துணிக்கு நடுவே மறைந்திருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் மேல்நூலின் நிறம் வளையம் வளையமாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் (மேல்நூலைப் பிடித்திருக்கும் இறுக்கம்) தளர்வு. மேல்பக்கத்தில் மேல்நூல் கம்பி மாதிரி நேராகக் கிடந்து, கீழ்நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம். இவை திருகைத் திருப்பினால் சரியாகும். இதற்காக மெஷினை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். விலையைக் குறைக்க மட்டும் சொல்லுங்கள்.

தையல் விட்டு விட்டு விழுகிறது. அதுவும் சின்னக் குறைதானா?

இல்லை, இதில் கவனம் வேண்டும். முதலில் ஊசியைச் சந்தேகப்படுங்கள். நீங்கள் கொண்டுபோன புதிய ஊசியைப் போடுங்கள். 15 வகையில் தட்டைப் பக்கம் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எந்த மெஷினும் தையல் விடத்தான் செய்யும். ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் தையல் விட்டுப் போனால், ஷட்டிலின் முனை மழுங்கியிருக்கலாம், அல்லது ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் தப்பியிருக்கலாம். 15 வகை என்றால், மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வேறு வகை என்றால் காபி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சக்கரம் அசையவே இல்லை. இறுகிக் கிடக்கிறது. வாங்கினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகும். ஏன் இறுகியது என்று தெரிந்தால் பயம் போய்விடும். நம் வீடுகளில் மெஷினுக்கு எது கைக்குக் கிடைக்கிறதோ அதை ஊற்றுவார்கள். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் ஊற்றியிருப்பார்கள். பத்து வருடம் மூலையில் கிடக்கும்போது அது பிசின் மாதிரி உறைந்து எல்லா மூட்டையும் ஒட்டிவிடும். உலோகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எண்ணெய்த் துளைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, மறுபடியும் விட்டு, அசைத்து என்று இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். வழிவிட்ட பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் போட வேண்டும். சுத்தியல் எடுக்கவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

வெயில், மழையில் கிடந்து துருவால் இறுகியது என்றால் கதை வேறு. ஊசித் தண்டிலும் ஷட்டில் ஓடும் வளையத்திலும் துரு குழி விழுந்திருந்தால் தொடாதீர்கள். எப்படிப் பார்த்தாலும், இறுகிய மெஷினை ஓடும் மெஷினின் விலைக்கு யாரும் கேட்கக் கூடாது. கேட்பார்கள்.

துரு, உடைந்த மேசை, அறுந்த பெல்ட்: எதை மன்னிக்கலாம்?

பெல்ட் அற்பச் செலவு. பாபினில் நூல் சுற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையமும் அப்படியே. மேசைப் பலகை ஊறிப் பிளந்திருந்தால் தச்சர் மாற்றித் தருவார், அல்லது புதிய பலகையே கடையில் கிடைக்கும். ஸ்டாண்டின் மேல்துரு உப்புத்தாளுக்குப் போய்விடும்.

மன்னிக்கக் கூடாதது விரிசல். தலையிலோ ஸ்டாண்டின் பெரிய சக்கரத்திலோ விரிசல் இருந்தால் பற்றவைத்துத் தருகிறேன் என்பார்கள். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது எல்லோருக்கும் கைவராத வேலை. மிதியை மிதித்துப் பாருங்கள். ஸ்டாண்டு படகு மாதிரி ஆடினால் திருகுகளை முடுக்கச் சொல்லி மறுபடி பாருங்கள்.

புதிது போலப் பளபளவென்று இருக்கிறது. நல்ல அறிகுறிதானே?

எனக்குப் பளபளப்பைக் கண்டால் பயம். உண்மையாகவே பெட்டிக்குள் பொத்திப் பாதுகாத்ததும் இருக்கலாம். ஆனால் தேய்ந்த தலைக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, புதிய தங்கப் படங்களை ஒட்டி 'சிங்கர்' ஆக்கி விற்பதும் நடக்கிறது. திருகுகளின் வெட்டுக்குள் வண்ணம் போயிருக்கிறதா, எண்ணெய்த் துளைகள் வண்ணத்தால் அடைபட்டிருக்கின்றனவா, படங்களுக்கு அடியில் துருக்குழி மேடுபள்ளமாகத் தெரிகிறதா, எண் அடித்த இடம் மழுங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். நேர்மையான பழைய மெஷினில் ஊசிக்கு முன்னால் இருக்கும் இடத்தில்தான் தங்கப்பூ முதலில் அழிந்திருக்கும். ஐம்பது வருடம் துணி உரசிய இடம் அது.

கூடவே ஒன்று: அசல் பூவேலை உள்ள மெஷின் கிடைத்தால் ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிடாதீர்கள். பழைய சிங்கரின் படங்களுக்குமேல் இருப்பது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சே போதும்.

பழைய சிங்கருக்குள் சிவப்பு பாதரசம் இருக்கிறதாமே? லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்களாமே?

இல்லை. கோபுரக் கலசத்து இரிடியத்தை நம்பி ஏமாந்தவர்களின் கதையை எத்தனை முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம்! இது அதன் ஒன்றுவிட்ட தம்பி. 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில் இந்தப் புரளி கிளம்பி, பழைய சிங்கர்களின் விலை வானத்துக்குப் போனது. கைப்பேசியை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பேச்சு துண்டித்தால் உள்ளே பாதரசம் இருக்கிறது என்று சோதித்தார்களாம். மெஷினுக்குள் இருப்பது இரும்பு, எஃகு, கொஞ்சம் நூல் பஞ்சு, பழைய எண்ணெய். சிவப்பாகப் பாதரசம் சேர்ந்த பொருள் வேண்டுமென்றால் நாட்டு மருந்தில் சாதிலிங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் தையலுக்கும் சம்பந்தமில்லை. யாராவது இந்தக் காரணம் சொல்லி விலையை ஏற்றினாலும் சரி, உங்கள் பாட்டி மெஷினைப் பெருவிலைக்குக் கேட்டு முன்செலவுக்குப் பணம் கேட்டாலும் சரி, கதவைச் சாத்திவிடுங்கள்.

மோட்டார் வைத்துக்கொள்ளலாமா?

கால் மெஷினுக்கு வைக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் பழைய மோட்டாரோடு விற்பனைக்கு வந்தால், மோட்டாருக்கு என்று தனியாக விலை கொடுக்காதீர்கள். பழைய ஒயரின் மேலுறை வெடித்து உதிரும். காலில் மிதிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி சூடேறும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் பிளக்கில் சொருக வேண்டாம். கை மெஷினின் சக்கரம் ஆரக்கால் வைத்தது. சிலவற்றில் மோட்டார் பெல்ட் அதில் சரியாகப் பிடிக்காது, சக்கரத்தையே மாற்ற வேண்டிவரலாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் ஒரு சின்னச் சிங்கர் அனுப்புகிறேன் என்கிறாள்.

ஐந்து கிலோ எடையுள்ள சிங்கர் 221 வகையாக இருக்கும். 1933இல் வந்தது, ஃபெதர்வெயிட் என்பார்கள், அங்கே அதற்குப் பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. அனுப்பினால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஊர் மெஷின் 110 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் மோட்டார் கருகிவிடும். அதன் வாட்டுக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பாபினும் அதற்கென்றே தனி வகை. ஒரு டஜன் கூடவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பட்டு, ஜீன்ஸ், பனியன் துணி எல்லாம் தைக்குமா?

பட்டு ஜாக்கெட்டுக்கு 11ஆம் எண் ஊசி, பருத்திக்கு 14, ஜீன்ஸ் ஓரம் மடிக்க 16. இவற்றைப் பழைய மெஷின் சிணுங்காமல் தைக்கும். பனியன் துணிதான் பிரச்சினை. இந்த மெஷின்கள் நேர்த்தையல் மட்டுமே போடும். இழுபடும் துணியில் நேர்த்தையல் போட்டால், அணிந்து இழுக்கும்போது நூல் 'படக்' என்று அறுந்துவிடும். அதற்கு வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையலோ, ஓரத்தைப் பின்னும் ஓவர்லாக்கோ வேண்டும்.

"இரும்பு மெஷின், எதையும் தைக்கும்" என்று சொல்லித் தோல் பைக்கும் தார்ப்பாய்க்கும் விற்பார்கள். எப்போதாவது ஒரு பை தைக்கலாம். தினமும் அதே வேலை என்றால் அது வீட்டு மெஷினின் வேலையல்ல.

அதற்குத் திருப்பூர்ப் பக்கம் கிடைக்கும் பழைய பவர் மெஷின் (தொழிற்சாலைகளில் ஓடும் மெஷின்) வாங்கலாமா?

தொழிலாகத் தைப்பவர் என்றால் யோசிக்கலாம். வேகம் பயமுறுத்தும், இடம் அடைக்கும். பழைய கிளட்ச் மோட்டார் சும்மா நிற்கும்போதும் இரைந்துகொண்டு மின்சாரம் இழுக்கும். மிதிக்கும்போது மட்டும் ஓடும் சர்வோ மோட்டார் மாட்டியதாகப் பாருங்கள். வீட்டுக்கு இரண்டு ஜாக்கெட் தைக்கிறவருக்கு அது தேவையில்லை.

எங்கே வாங்குவது? என்ன விலை கொடுக்கலாம்?

என் வரிசை இது: தெரிந்த மெக்கானிக்கிடம், பிறகு வீடு மாற்றுகிறவர்களிடம், பிறகு தொழிலை விடும் டெய்லரிடம், அதற்குப் பிறகு காயலான் கடை. பழம்பொருள் கடை கடைசி. அங்கே அலங்காரத்துக்கு விலை வைக்கிறார்கள், தையலுக்கு வைப்பதில்லை. காயலான் கடையில் இரும்பின் எடைக்குக் கிடைக்கும், ஆனால் பாபின் கேஸ் எப்போதும் காணாமல் போயிருக்கும். 15 வகை என்றால் அதைப் பற்றிக் கவலையில்லை.

விலைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். முதலில் ஒரு கடைக்குப் போய், புதிய சாதாரணக் கறுப்பு மெஷின், ஸ்டாண்டு, மேசையோடு என்ன விலை என்று கேளுங்கள். அவை இன்றும் விற்பனையில் இருக்கின்றன. பழைய மெஷினின் விலை, மெக்கானிக் கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன். புதியதற்கு வாரண்டி இருக்கிறது, வீட்டு வாசலில் இறக்கிவிட்டும் போவார்கள். சிலருக்குப் பழைய இரும்பின்மேல் ஆசை. ஆசைக்கு விலை வைக்க என்னால் முடியாது. ஆனால் அது ஆசை என்பதை ஒப்புக்கொண்டு கொடுங்கள், மிச்சம் பிடிக்கிறோம் என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

லாரியில் போட்டு அனுப்புகிறேன் என்கிறார்கள். சரியா?

தலை மட்டும் சுமார் 13 கிலோ இருக்கும். அதை ஸ்டாண்டிலேயே விட்டுப் படுக்கப் போட்டால், கீல் இருக்கும் இடத்தில் மரம் பிளக்கும், சில சமயம் தலையே விழுந்து உடையும். பின்பக்கத்து இரண்டு திருகைத் தளர்த்தித் தலையைத் தனியாக எடுத்து, பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். நான் என் முதல் மெஷினைப் பஸ்ஸில் அப்படித்தான் கொண்டுவந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

பாட்டியின் மெஷின் வீட்டிலேயே கிடக்கிறது. விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா?

விற்றால் கையில் வருவது சொற்பம். முதலில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டு ஓட்டிப் பாருங்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின் அதுவாகவே இருக்கலாம். அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும் என்பது எந்தக் கடையிலும் கிடைக்காத வசதி.

வாங்கி வந்த அன்று என்ன செய்வது?

தைக்காதீர்கள். ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டைக் கழற்றி, பல்லுக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சை எடுங்கள். கம்பளம் மாதிரி வரும். எல்லாத் துளையிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, நூலில்லாமல், பாதத்தைத் தூக்கிவிட்டு ஐந்து நிமிடம் மிதியுங்கள். கறுப்பு எண்ணெய் வெளியே வழியும். துடைத்துவிட்டு மறுபடி. மறுநாள் புதிய ஊசி போட்டு, பழைய துணியில் தொடங்குங்கள். முதல் நாளே கல்யாணப் பட்டில் எண்ணெய்க் கறை வைத்தவர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் நாத்தனார்.

உங்கள் மணிபிளான்ட் மெஷினை விற்பீர்களா?

கேட்டால் தருவேன். ஷட்டில் இல்லை, பாபின் இல்லை, ஸ்பிங்க்ஸ் மட்டும் நன்றாக இருக்கிறது. தொட்டி தனி விலை.